கீழ்வரிசைப் பல்லிகள்

என் அம்மாவுக்குக் கிடைத்த பட்டங்கள் எல்லாமே அவளைக் கேட்காமல் அடுத்தவர்கள் வைத்தவை. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவளை அங்கே கள்ளத்தோணி என்றார்கள். பதினைந்து வயதில் கப்பலேற்றி இங்கே அனுப்பியபோது காகிதத்தில் தாயகம் திரும்பியவர் என்று எழுதினார்கள். அதற்கு முன்பு இந்தத் தாயகத்தை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நீலகிரிக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து சிலோன்காரி. நாற்பது வருஷத்துக்கும் மேல் இந்த மலையில் கொழுந்து பறித்து, முழங்கால் தேய்ந்து, ஓய்வு பெற்று, இப்போது ஜெகதளாவில் என்னோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். மளிகைக் கடையில் இன்றைக்கும் சிலோன்காரி வந்திருக்கு என்றுதான் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்கள். இந்த வரிசையில் கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டது பல்லி. அதை வைத்தது ஒரு ஃபோன் குழு.

அந்தக் குழுவைப் பற்றி நினைத்தாலே எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை, எழுதிவிடுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆரம்பித்த குழு அது. அவரும் இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவர்தான். அந்தக் காலத்தில் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து எங்கள் ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டதில், ஒரே வீட்டில் பாதிப் பேர் இங்கேயும் பாதிப் பேர் அங்கேயும் ஆனார்கள். அப்படி விட்டுப்போன உறவைத் தேடுகிறவர்களுக்காகத்தான் குழு. கூடலூர், வால்பாறை, திருச்சி என்று இந்தப் பக்கத்திலிருந்தும், கடலுக்கு அந்தப் பக்கத்து மலைகளிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். எங்கள் தகப்பனார் இந்தத் தோட்டம், லயத்து வரிசையில் கடைசிக் காம்பரா, வாசலில் பலாமரம் நிற்கும், தெரிந்தவர்கள் உண்டா என்று ஒருவர் குரல் பதிவு போடுவார். இன்னொருவர் பதில் சொல்வார். முதல் வருஷத்தில் கோத்தகிரியில் ஒரு பெண்ணுக்கு அவள் அக்கா கிடைத்தாள். அன்றைக்குக் குழு முழுக்க அழுதது, என் அம்மாவும் நானும் அழுதோம்.

அம்மா தேடியது அவளுடைய அண்ணனை. என் தாத்தா குடும்பத்துக்கு இந்தியக் காகிதம் வந்தபோது, அம்மாவின் பெரியப்பா வீட்டில் வளர்ந்த மாமாவின் பெயர் அவர்கள் வீட்டுக் காகிதத்தில் இருந்தது. அவர்களுக்கு அங்கேயே குடியுரிமை கிடைத்துவிட்டது. அதனால் மாமா அங்கே, மற்றவர்கள் இங்கே. கொஞ்ச காலம் கடிதம் வந்தது. அங்கே கலவரம் நடந்த பிறகு கடிதம் நின்றுபோனது. உயிரோடு இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாமல் அம்மா வாழ்க்கை முழுவதையும் ஓட்டிவிட்டாள். என் பழைய ஃபோனில் அவளுக்கு ஒரு எண் வாங்கிக் கொடுத்துக் குழுவில் சேர்த்துவிட்டது நான்தான்.

சேர்ந்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பேசலாமே. குரலைப் பதிவு செய்கிற பட்டனைக் காட்டிக் கொடுத்தேன், அழுத்த மாட்டாள். காரணம் கேட்டால் ஒவ்வொரு தடவை ஒன்று சொல்வாள். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவளுக்கு அன்றைய கூலி கிடையாது, அந்தப் பழக்கம் என்பாள். முகம் தெரியாத கூட்டத்தில் நம் கதையைச் சொல்லக்கூடாது என்பாள். கடைசியில் ஒருநாள் உண்மையான காரணம் வந்தது.

"அண்ணன்தான் மொதல்ல கூப்புடணும். பொறந்த வீட்டாளு தங்கச்சியத் தேடி வரணும். நானாப் போயி நின்னா மொறையில்ல."

ஐம்பது வருஷம் பார்க்காத அண்ணனிடமும் முறை பார்க்கிறவளை என்ன செய்வது? தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அவள் சும்மா இருந்தாள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அன்றைக்கு வந்த குரல் பதிவுகளை ஒன்று விடாமல் போடச் சொல்வாள். வர்க்கியைத் தேநீரில் நனைத்தபடியே கேட்பாள். யாராவது தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் கை அப்படியே நிற்கும். இவன் மேல் டிவிஷன்காரன், இவள் புருஷன் வீட்டுப் பக்கம் மாரியம்மன் கோயில் உண்டு என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்படி அவள் சொன்னதில் உபயோகமானதை நான் சம்பந்தப்பட்டவருக்குத் தனியாக எழுதி அனுப்புவேன். அம்மாவைப் போல இன்னும் எத்தனையோ பேர் தனியாக அனுப்பினார்கள். கோத்தகிரிப் பெண்ணுக்கு அக்கா கிடைத்ததே அப்படித்தான். குழுவில் ஒரு எழுத்துகூட எழுதாத, இலங்கைப் பக்கத்துக் கொழுந்துக்காரப் பெண் ஒருத்தி அடுத்த டிவிஷன் வரைக்கும் நடந்து போய் விசாரித்துச் சொன்னாள். அவள் பெயர்கூடக் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நேரலைக் கூட்டம் நடக்கும். பேசுகிறவர்களின் படங்கள் மேல்வரிசையில் பெரிதாகத் தெரியும். கேட்கிறவர்கள் கீழ்வரிசையில் சின்னச் சின்ன வட்டமாக, மைக்கில் ஒரு கோடு போட்டபடி நிற்பார்கள். அம்மாவின் வட்டத்தில் நான் எடுத்த அவள் படம். அவளுக்குப் பக்கத்து வட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு ரோஜாப்பூ படம் மட்டும் வாரம் தவறாமல் வரும், இலங்கை எண். நாட்டில் ஐந்தில் ஒருவர் ரோஜாப்பூவைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதால் எனக்கு அது கண்ணில் பட்டதே ஒழிய மனதில் நிற்கவில்லை. அம்மாவுக்குப் படம் பார்க்கப் பிடிக்கும். பூ வந்திருச்சா என்று சில வாரம் கேட்பாள். வந்துவிட்டது என்பேன்.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஒருநாள் தலைமையாசிரியருக்கு ஒரு யோசனை தோன்றியது. குழுவில் நூற்றுக்கணக்கான பேர் இருக்கிறார்கள், பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், மற்றவர்களை எப்படி உற்சாகப்படுத்துவது? பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பட்டம் போட அந்தச் செயலியில் வசதி இருந்தது. அடிக்கடி பேசுகிறவர்களுக்குத் தூண் என்று போட்டார். பேசாதவர்களுக்குப் பார்வையாளர். பள்ளிக்கூடத்தில் முன்பெஞ்சு, பின்பெஞ்சு பிரித்தே பழகிய மனிதர், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. தூண்களில் ஒருவர், பேச்சில் கெட்டிக்காரர், பார்வையாளர் என்று என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு, சுவரில் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்கிறவர்களைப் பல்லி என்று போடுங்கள் சார் என்று எழுதினார். கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. சாயங்காலத்துக்குள் கீழ்வரிசை முழுக்கப் பல்லி ஆகிவிட்டது.

பெயருக்குப் பக்கத்தில் புதிதாக என்னவோ எழுதியிருக்கிறதே என்று அம்மா கேட்டாள். மாற்றிச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு உள்ளதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. வீட்டுப் பல்லி யாருக்கு என்ன கெடுதல் செய்தது, அது பாட்டுக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பதிவைப் போடச் சொன்னாள். கோபமெல்லாம் எனக்குத்தான் வந்தது.

நான் குன்னூரில் ஒரு தேயிலைத் தரகர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஏலத்துக்கு வரும் தேயிலைக்குப் பட்டியல் அடிப்பது என் வேலை. சுவை பார்க்கிறவர் ஒரு கரண்டி உறிஞ்சித் துப்பிவிட்டு ஒரு சொல் சொல்வார். சப்பென்று இருக்கிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அந்த ஃபேக்டரித் தூள் அடுத்த வாரம் எவ்வளவு நன்றாக வந்தாலும் வாங்குகிறவர்கள் வாயில் வைப்பதற்கு முன்பே முகத்தைச் சுளிப்பார்கள். ஃபேக்டரிக்காரரும் கொஞ்ச நாளில், எப்படியும் சப்பென்றுதானே சொல்லப்போகிறார்கள் என்று கை சோர்ந்துவிடுவார். இதை வருஷக்கணக்காகப் பார்த்தவள் நான். அதனால் இந்தப் பல்லி விளையாட்டு எங்கே போகும் என்று எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது. இவ்வளவு தூரம் போகும் என்று தெரியவில்லை.

முதலில் பேசுகிற தொனி மாறியது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பேச ஆரம்பிக்கிறவர், கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம் என்பார். பிறகு, பல்லிகள் எல்லாம் வந்தாச்சா என்று கேட்டுச் சிரிப்பது வழக்கமானது. தூண்கள் எங்களைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு எங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பல்லிப் பட்டம் போகவேண்டுமென்று கீழ்வரிசையில் சிலர் தினமும் காலை வணக்கப் படம் போட்டார்கள். சாமி படம், சூரியோதயம், சூப்பர், அருமை என்று குழு நிரம்பி வழிந்தது. தூணாக இருப்பதற்கும் தினம் எதையாவது போட வேண்டியிருந்தது. ஒருவர் காலையில் சாப்பிட்ட இட்லியைப் படமெடுத்துப் போட்டார். யாரோ தன் தாயைத் தேடிப் போட்ட பதிவு அந்த இட்லிக்குக் கீழே எங்கோ போய்விட்டது. அடுத்த டிவிஷன் வரைக்கும் நடந்து போய் விசாரித்த அந்தப் பெண் ஒருநாள் சத்தமில்லாமல் விலகிவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை, பல்லிதானே. அதன் பிறகு ஒருவருக்கும் ஒரு உறவும் கிடைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

பிறகு அந்தப் புகைப்பட விவகாரம் வந்தது. ஒரு தூண் குழுவில் போட்டிருந்த தன் பெற்றோரின் பழைய படத்தை யாரோ எடுத்து, வேறொரு பொதுப் பக்கத்தில் வாய்க்கு வந்தபடி எழுதிப் போட்டுவிட்டார்கள். அவர் துடித்துப்போனதில் நியாயம் இருக்கிறது. ஆனால் யார் செய்திருப்பார்கள் என்ற கேள்வி வந்ததும் எல்லாக் கையும் கீழ்வரிசையைத்தான் காட்டியது. பேசுகிறவர்களில் ஒருவராக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பேசாமல் இருக்கிறவனுக்கு இங்கே என்ன வேலை, ஒட்டுக் கேட்கத்தானே என்றார்கள். ஒரு வியாழக்கிழமை தலைமையாசிரியர் அறிவிப்பு போட்டார். நம்மிடையே உளவாளிகள் இருக்கிறார்கள். பல்லிகள் அனைவரும் ஞாயிறு கூட்டத்துக்கு முன்பாகத் தாங்கள் யார், எந்தத் தோட்டம், எந்த லயம் என்று குரல் பதிவில் சொல்ல வேண்டும். சொல்லாதவர்கள் உளவாளிகளாகக் கருதப்பட்டு நீக்கப்படுவார்கள்.

அலுவலகத்திலிருந்தே அவருக்கு ஃபோன் போட்டேன். அம்மாவின் நிலைமையைச் சொன்னேன். உளவாளி என்ற சொல்லையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"நான் என்னங்க பண்றது, எல்லாரும் கேக்கறாங்க. ஒரு வார்த்தை பேசிட்டா முடிஞ்சுது. வாயத் தொறந்து பேசறதுல என்னங்க கஷ்டம்?"

வாழ்நாளெல்லாம் வகுப்பில் பேசியே சம்பளம் வாங்கியவருக்கு அதில் கஷ்டம் எங்கே தெரியப்போகிறது. வைத்துவிட்டேன்.

அன்றிரவே அம்மாவிடம் சொன்னேன். குழுவை விட்டுப் போனால் அண்ணன் கூப்பிடுகிற ஒரே இடமும் போய்விடும், இருக்க வேண்டுமானால் முறையை விட்டு இவளாகப் பேச வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. தகரக் கூரையில் அடிக்கிற சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. மழை விடட்டும் என்று காத்திருந்தாள். விட்டதும் முகம் கழுவி, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். குரலுக்கு எதற்கு அம்மா சேலை என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தோட்டம், டிவிஷன், லயம், தன் அப்பா பெயர் எல்லாவற்றையும் பிரட்டில் நிற்கிறவளைப் போல ஒப்பித்தாள். முடித்துவிட்டாள் என்று நான் கையை நீட்டியபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டு மறுபடியும் பேசினாள்.

"அண்ணே, நீ இதுல இருக்கியோ இல்லியோ தெரியல. நாங்க கெளம்புன அன்னிக்கு நீ டேசனுக்கு வரல. ரயிலு போறப்ப மூணாம் நம்பரு மலையில நின்னுக்கிட்டு தலைத்துண்ட அவுத்து ஆட்டுன. நான் பாத்தேன். நெரிசல்ல ரெண்டு கையிலயும் மூட்டை, கைய எடுக்க முடியல. அதான் பதிலுக்கு ஆட்டல. தங்கச்சி பாக்காமலே போயிட்டாளேன்னு நெனச்சிருப்ப. பாத்தேன். மலை மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டேதான் போனேன்."

இந்தக் கதை எனக்கே அதுவரை தெரியாது. அவள் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள், பதிவு போய்விட்டது. அடுத்த நிமிஷமே குழுவில் பதில்கள் வர ஆரம்பித்தன. கட்டை விரல்கள், கும்பிடுகிற கைகள், பல்லி சொல்லிவிட்டது நல்ல சகுனம் என்று ஒருவர், வாங்க பல்லியம்மா என்று இன்னொருவர். இரக்கமாக எழுதியவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் அம்மாவின் பட்டம் மாறியது. குரல் தந்தவர் என்று போட்டுப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வைத்திருந்தார்கள்.

மறுநாள் கூட்டத்தில் அம்மாவை மேல்வரிசையில் ஏற்றினார்கள். தலைமையாசிரியர் வரவேற்றுப் பேசினார். கீழ்வரிசை காலியாக இருந்தது. நீக்கப்பட்டவர்கள் பாதி, தாங்களாகவே போய்விட்டவர்கள் பாதி. பூ வந்திருச்சா என்று அம்மா கேட்டாள். வரவில்லை என்றேன். அவள் அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் தன் பதிவுக்குக் கீழே அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். காலை வணக்கப் படங்களைத் தள்ளித் தள்ளிக் கீழே போய்ப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது.

மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. காலையில் மினி பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்தால்தான் ரோடு தெரியும். அப்படியொரு காலையில், குன்னூருக்குப் போகும் வழியில், அம்மாவின் எண்ணுக்கு ஒரு செய்தி வந்திருப்பதை என் ஃபோன் காட்டியது. அவள் கணக்கை என் ஃபோனிலும் திறந்து வைத்திருந்தேன். ரோஜாப்பூ படம். தனியாக அனுப்பப்பட்ட, கொஞ்சம் நீளமான குரல் பதிவு. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே நின்று கேட்டேன்.

பேசியது என் மாமா மகள். அங்கே அவர்கள் தோட்டத்துக்குப் பக்கத்து டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் எண்ணிலிருந்துதான் மாமா குழுவில் இருந்திருக்கிறார். தினமும் அவள் வேலை விட்டு வந்ததும் ஃபோனை வாங்கி நல்ல காதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பாராம். நல்ல காது என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அங்கே சண்டை நடந்த வருஷங்களில் யாரோ உளவாளி என்று கைகாட்டிவிட்டதில் மாமாவை ஒருதரம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது ஒரு காது போயிருந்தது. யார் கொண்டுபோனார்கள், என்ன செய்தார்கள் என்று அவர் கடைசிவரை வீட்டில் சொன்னதில்லை. பல்லி என்று போட்டபோது சிரித்தாராம். அந்த வியாழக்கிழமை அறிவிப்பை மகள் வாசித்ததும் முகம் வெளுத்து, இப்போதே என்னை இதிலிருந்து எடு, இந்த நிமிஷமே எடு என்று நடுங்கியிருக்கிறார். அவள் எடுத்துவிட்டாள். நாங்கள் இங்கே மிரட்டலுக்கு ஒரு சொல்லைத் தூக்கிப் போட்டோம். அந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஆள் தூக்குகிற கை உண்டு என்பது இத்தனை தூண்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நீங்களே முதலில் பேசுங்கள் என்று மகள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். போனவர்கள்தான் தேட வேண்டும், இருக்கிறவன் தேடிப் போனால் ஏதோ கேட்க வந்த மாதிரி ஆகிவிடும் என்று சொல்லிவிட்டாராம். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. என் அம்மாவுக்கு அண்ணன் அல்லவா.

குழுவை விட்டு விலகிய அடுத்த மாதமே மாமா நெஞ்சுச் சளியில் இறந்துவிட்டார். அம்மாவின் குரல் பதிவு, குழுவில் மிச்சமிருந்த யாரோ ஒருவரிடமிருந்து கைமாறிக் கைமாறி, கருமாதி முடிந்த பிறகுதான் மகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு எங்களுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று அவள் ரொம்ப நாள் தயங்கியிருக்கிறாள். பதிவின் கடைசியில் அவள் குரல் உடைந்தது.

"அத்தை, ரயிலு போற சத்தம் கேக்குற நேரமெல்லாம் அப்பா இதையேதான் சொல்லுவாரு. துண்ட ஆட்டுனேன், தங்கச்சி பாத்தாளோ என்னமோன்னு. சாகுற வரைக்கும் அவருக்குத் தெரியாது அத்தை."

அன்றைக்கு நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. திரும்பி நடந்தேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக் கடைசியில் ஒன்றும் சொல்லாமல் பதிவை அப்படியே போட்டுக் காட்டினேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். மறுபடியும் போடச் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நான் பேசினதை அண்ணன் கேட்கவே இல்லையா என்றாள். இல்லை அம்மா என்றேன்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஐம்பது வருஷ அழுகையை ஒரே நாளில் எங்கிருந்து எடுப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. மாமா மகளோடு ஒருநாள் பேச வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று கேட்டுக்கொண்டார்கள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மாமாவின் ஒரு படம் அனுப்பினாள். ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அடையாளம் தெரியவில்லை என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். தெருவில் எதிரே வந்திருந்தாலும் தெரிந்திருக்காது போல என்றாள். எனக்கு அதைத்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

வாரக்கணக்காக இரண்டு பேரும் ஒரே கீழ்வரிசையில் பக்கத்துப் பக்கத்து வட்டத்தில் இருந்திருக்கிறார்கள். ஒரே குரல்களைக் கேட்டு, ஒருவர் பேசட்டும் என்று ஒருவர் காத்திருக்கிறார்கள். அந்தக் கீழ்வரிசையைக் கொஞ்ச நாள் நிம்மதியாக விட்டிருந்தால், யாராவது ஒருவருக்கு மனசு இளகியிருக்கும் என்று நான் நம்புகிறேன். இளகாமலும் போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை.

ஒருநாள் அம்மா தன் பெயருக்குப் பக்கத்தில் இப்போது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். குரல் தந்தவர், நட்சத்திரம் என்று சொன்னேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அத எடுத்துட்டுப் பழையபடி பல்லின்னே போடச் சொல்லு. அண்ணனும் நானும் கடைசியா ஒரே பேருல இருந்தது அதுலதான்."

தலைமையாசிரியரை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் உண்மையாகவே கலங்கிவிட்டார். பிறகு, அந்தப் பட்டம் தப்பு என்று பலர் சொன்னதால் அதை அடியோடு எடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"இப்ப நம்ம குழுவுல யாரும் பல்லி கெடையாதுங்க. பேசாதவங்கன்னு ஒருத்தருமே இல்லீங்களே, அப்புறம் எப்படிங்க போடறது?"

அம்மாவிடம் சொன்னேன். சரி விடு என்றாள்.